லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

நெட் அறுந்ததும் முதலில் கை போவது ரவுட்டரின் சுவிட்சுக்குத்தான். அணைத்துப் போட்டால் பல நேரம் வந்துவிடும். அப்படி வந்துவிடுவதுதான் சிக்கல். எங்கே கோளாறு என்று காட்டியிருக்கக்கூடிய அந்த ஒரு நிமிடம் கைநழுவிப் போகிறது. மறுநாள் மீட்டிங் நடுவிலோ, பிள்ளையின் ஆன்லைன் தேர்வு நடுவிலோ அதே கதை திரும்ப நடக்கும். "நெட் சரியில்லை" என்று கம்பெனியை மாற்றியவர்களையும், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 லேப்டாப்புகளுக்கானவை. மெனுப் பெயர்களை ஆங்கில விண்டோஸில் இருப்பதுபோலவே தந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததைத் தாளில் குறித்து வையுங்கள். ஐந்து செட்டிங்குகளை ஒரே மூச்சில் மாற்றி, அதில் எதனாலோ சரியாகிவிட்டால், அடுத்த அப்டேட் அதைப் பழையபடி மாற்றும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

அறுந்த உடனே பார்க்க வேண்டியவை

ரவுட்டரைத் தொடாதீர்கள். போனை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைப்பது முக்கியம். வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நாம் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

அப்புறம் லேப்டாப்பில் வைஃபை சின்னத்தைச் சொடுக்கி, உங்கள் வைஃபை பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "நோ இன்டர்நெட்" என்று இருந்தால் லேப்டாப் ரவுட்டரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு அப்பால்தான் தடை. எதனோடும் இணையவில்லை என்று இருந்தால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையிலேயே அறுந்திருக்கிறது. இந்த இரண்டும் முற்றிலும் வேறு வேறு நோய்கள்.

இதை இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள, ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளை போதும். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தேடி, இரண்டு ஜன்னல்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ஆங்கில எழுத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். ஜியோ இணைப்பு என்றால் 192.168.29.1. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் பார்க்கலாம். முகவரிக்குப் பின் இடைவெளி, சிறு கோடு, ஆங்கில 'டி' எழுத்து சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை பிங் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஜன்னலில் அதேபோல, வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஓட விடுங்கள். கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

இரண்டிலும் ஒரே நேரத்தில் பதில் நின்றால் கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில். ரவுட்டரிலிருந்து பதில் வருகிறது, 8.8.8.8 மட்டும் நின்றுவிட்டது என்றால் லேப்டாப் மேல் குற்றமில்லை. இரண்டும் ஓடுகின்றன, ஆனால் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை), விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் தனிப்பாதை), ஆன்டிவைரஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

எப்போது அறுந்தது என்று விண்டோஸே குறித்து வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூலேன்-ஆட்டோகான்ஃபிக், ஆபரேஷனல் என்று உள்ளே போங்கள். 8001 என்ற எண் இணைந்ததைக் காட்டும், 8002 இணைய முயன்று தோற்றதை, 8003 பிரிந்ததை. 8003-ஐச் சொடுக்கினால் காரணம் என்று ஒரு வரியும் இருக்கும். அதைவிட நேரங்களைப் பாருங்கள். அவற்றின் ஒழுங்கே பாதி விடையைச் சொல்லிவிடும்.

போனிலும் நெட் இல்லை

லேப்டாப்பை விட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளியே உள்ளே வரவில்லை என்று பொருள். வீட்டுக்குள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மஞ்சள் அல்லது வெள்ளை நிற மெல்லிய ஃபைபர் ஒயர் பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மடிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபரைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் (பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் திறப்பது) போக முடிந்தால் ஆப்டிகல் பவர் என்றோ ஆர்எக்ஸ் பவர் என்றோ ஓர் எண் இருக்கும். உள்ளே வரும் ஒளியின் வலு அது. வழக்கமான ஜிபான் வகை ஃபைபர் பெட்டிகளுக்கு அது -8-க்கும் -27 டிபிஎம்-க்கும் (வலுவை அளக்கும் அலகு) இடையில் இருக்க வேண்டும். -26, -27 என்று ஓரத்தில் நின்றால் விட்டு விட்டு அறுவதற்கு அதுவே போதும். இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்துப் பாருங்கள், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்ற பதிலோடு அனுப்பிவிட முடியாது.

விளக்குகள் எல்லாமே சில நொடி அணைந்து திரும்ப எரிந்தால் ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. முதல் சந்தேகம் அதன் 12 வோல்ட் அடாப்டர் மேல். சில வருடம் ஓடிய அடாப்டர் சுமை கூடும்போது தளர்ந்துவிடும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை உள்ள வேறொன்றை மாட்டிப் பாருங்கள். மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண் இமைக்கும் நேரத்தில் ரவுட்டர் அணைகிறது என்றால், ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று போதும்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும், அதுவும் பேட்டரியில் ஓடும்போது அறுகிறது

மிக அதிகமாகப் பார்க்கும் வகை இதுதான். சார்ஜரைச் செருகினால் நன்றாக இருக்கும், பிடுங்கினால் சில நிமிடத்தில் தடுமாறும். அல்லது கொஞ்ச நேரம் தொடாமல் வைத்துவிட்டுத் திரும்பினால் நெட் இருக்காது. பேட்டரியை மிச்சம் பிடிக்க விண்டோஸ் வைஃபை கார்டை அரைத்தூக்கத்தில் வைக்கிறது. கார்டு இடையிடையே விழித்து "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா" என்று ரவுட்டரிடம் கேட்க வேண்டும். டிரைவரோ (கார்டை இயக்கும் மென்பொருள்) ரவுட்டரோ இதில் கொஞ்சம் பிசகினாலும், இந்த லேப்டாப் போய்விட்டது என்று ரவுட்டர் முடிவு கட்டிவிடும்.

இரண்டு இடங்களில் மாற்ற வேண்டும். முதலாவது டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டனை வலது சொடுக்கினால் கிடைக்கும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, வைஃபை அல்லது வயர்லெஸ் என்று பெயருள்ள கார்டை இருமுறை சொடுக்கி, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் "அலவ் த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ் டு சேவ் பவர்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ். சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ், அதில் வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ். பேலன்ஸ்டு பிளானில் சார்ஜரில் இருக்கும்போது மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் என்றும், பேட்டரியில் மீடியம் பவர் சேவிங் என்றும் வைத்திருப்பார்கள். பேட்டரியில் மட்டும் அறுவதன் காரணம் புரிகிறதல்லவா? அதையும் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள். பேட்டரி கொஞ்சம் முன்னதாகத் தீரும், அவ்வளவுதான்.

புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்த இரண்டுமே கண்ணில் படாது. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற தூக்கமுறை உள்ள மெஷின்களில் விண்டோஸ் இவற்றை மறைத்துவிடுகிறது. அப்போது அதே கார்டின் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய், பவர் சேவ் என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். இன்டெல் கார்டுகளில் மிமோ பவர் சேவ் மோட் என்று இருக்கும். அதை நோ எஸ்எம்பிஎஸ் ஆக்கிப் பார்க்கலாம்.

மூடித் திறந்தால் வைஃபை வருவதில்லை

லேப்டாப் தூங்கி எழுந்தபின் கார்டு மட்டும் எழாத நிலை இது. ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் வந்துவிடும். அப்படி வந்தால் கார்டுக்கு ஒன்றுமில்லை, டிரைவரைத்தான் பார்க்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஷட் டவுன் செய்வது முழுதாக அணைப்பதல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால், விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் இருந்த நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு, மறுமுறை போடும்போது அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். குழம்பிப்போன வைஃபை டிரைவரும் அதே குழப்பத்தோடு திரும்ப வரும். ரீஸ்டார்ட்டுக்கு இது பொருந்தாது, எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் சோதிக்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் சரியாகி, ஷட் டவுனுக்குப் பின் மறுபடி வந்தால், பவர் ஆப்ஷன்ஸில் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்ற இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் வேகம் குறைந்ததே தெரியாது.

நேற்றுவரை நன்றாக இருந்தது, அப்டேட்டுக்குப் பின் ஆரம்பித்தது

டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவர் தாவலுக்குப் போய் டிரைவர் டேட் என்ன என்று பாருங்கள். சமீபத்தில் மாறியிருந்தால் ரோல் பேக் டிரைவர் பட்டன் உயிரோடு இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பும். பட்டன் மங்கியிருந்தால் திரும்பிப் போக எதுவும் இல்லை என்று பொருள். அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, அவர்கள் தரும் வயர்லெஸ் டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் அப்டேட் தரும் டிரைவர் புதிதாக இருக்கலாம். ஆனால் உங்கள் மாடலில் வைத்துச் சோதித்துப் பார்த்தது தயாரிப்பாளர் தரும் டிரைவர்தான்.

வைஃபையே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லேப்டாப்புக்கு அது ஒயர் இணைப்பாகவே தெரியும்.

"உங்கள் எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்" என்று வரும் மென்பொருள்கள் பக்கம் தயவுசெய்து போகவே வேண்டாம். வைஃபை வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் பூஸ்டர்களும் அப்படித்தான். ஒன்றுக்குப் பத்து கோளாறை உள்ளே கொண்டுவந்து விட்டுவிடும்.

ஹாலில் சரி, உள்ளறையில் அறுகிறது

இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்றால் அது சிக்னல் விவகாரம். அதிலும் இரண்டு மூன்று வகை உண்டு.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் நெட்வொர்க் பேண்ட், நெட்வொர்க் சேனல் என்று இரண்டு வரிகள் இருக்கும். பேண்ட் என்பது அலைவரிசை, சேனல் என்பது அதற்குள் இருக்கும் தனித்தனிப் பாதை. 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா என்று அங்கே தெரியும். 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். 2.4 தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலில் சிக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாமே அலையைத் தின்பவை. நம் வீடுகளில் ஃபைபர்காரர் ஒயர் நுழைந்த இடத்திலேயே, வாசல் பக்கத்து மூலையில், டிவிக்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். வேலை பார்ப்பதோ கடைசி அறையில். எந்த செட்டிங்கையும் விட ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு, ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்துக்குக் கொண்டுவருவது பெரிய பலன் தரும். கூடுதல் ஃபைபர் ஒயருக்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

சிக்னலை அளக்க போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலி போதும். எண்கள் மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. -50, -60 என்றால் வலுவானது. -67 வரை வீடியோ மீட்டிங் தாங்கும். -75-க்குக் கீழே போனால் அறுவதில் ஆச்சரியமில்லை.

அந்தச் செயலியிலேயே அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எந்தெந்த சேனலில் இருக்கின்றன என்றும் தெரியும். 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அவற்றில் காலியானதை ரவுட்டரில் தேர்ந்தெடுத்து, சேனல் விட்த்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வைப்பது உங்களுக்கும் கெடுதல், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கெடுதல். 3, 4 போன்ற இடைச் சேனல் காலியாகத் தெரிந்தாலும் போகாதீர்கள். 1-இல் இருப்பவரோடும் 6-இல் இருப்பவரோடும் சேர்ந்து மோத வேண்டிவரும்.

சிக்னல் நன்றாக இருந்தும் இடைத்தூரத்தில் அறுகிறதா? பெரும்பாலும் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பீர்கள். ரவுட்டர் அமைப்பில் பேண்ட் ஸ்டியரிங் அல்லது ஸ்மார்ட் கனெக்ட் என்று இருப்பது இதுதான். இரண்டும் ஏறத்தாழ சம வலுவில் கிடைக்கும் அறையில் லேப்டாப் இதற்கும் அதற்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங் ஒரு நொடி உறையும். ஸ்மார்ட் கனெக்ட்டை அணைத்து இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுங்கள். லேப்டாப்பில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஃபர்கெட் செய்துவிடுங்கள். ரவுட்டரை மாற்ற முடியாத விடுதி, அலுவலகம் என்றால் கார்டின் அட்வான்ஸ்டு தாவலில் ப்ரிஃபர்டு பேண்ட் என்பதை 5-க்கு வைத்து, ரோமிங் அக்ரெசிவ்னஸ் என்பதை நடுநிலையிலிருந்து ஒரு படி குறையுங்கள். இருப்பதை விட்டுவிட்டு வேறு தேடும் ஆர்வம் குறையும்.

5 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு பொறி உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்பவை. அங்கே ரேடார் சத்தம் கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். இந்த வகைப் புதுச் சேனலுக்குப் போனால் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். வீட்டில் எல்லாக் கருவியிலும் 5 மட்டும் ஒரு நிமிடம்போல மறைந்து திரும்ப வந்தால் இதைச் சந்தேகியுங்கள். 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல் உள்ள சேனலை நிலையாக வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஹார்டு டிஸ்க் செருகினால், புளூடூத் ஹெட்செட் போட்டால் அறுகிறது

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. யூஎஸ்பி 3 கருவிகள் தரவை அனுப்பும்போது எழும் மின்சத்தம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி ஓடும்போது நெட் படுத்துவிடுவதும், யூஎஸ்பி-சி ஹப் மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் திணறுவதும் இதனால்தான். அந்தக் கருவியை லேப்டாப்பின் மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது நல்ல உறையுள்ள சிறு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

புளூடூத்தும் அதே 2.4-இல்தான் ஓடுகிறது, பெரும்பாலும் அதே கார்டில், அதே ஆன்டெனாவில். மருந்தும் அதேதான். சமையலறைக்கும் உங்கள் மேசைக்கும் நடுவில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால், அது ஓடும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடிகாரம் வைத்தாற்போல ஒரே இடைவெளியில் அறுகிறது

ஈவென்ட் வியூவரில் 8003-இன் நேரங்கள் 10:12, 11:12, 12:12 என்று வந்தால் சிக்னலைத் தேட வேண்டியதில்லை. வைஃபையில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு சாவியை ரவுட்டர் அவ்வப்போது மாற்றும். பல ரவுட்டர்களில் அதன் இடைவெளி 3600 நொடி. சாவி மாறும்போது லேப்டாப் பதில் சொல்லத் தவறினால் வெளியே தள்ளப்படும். ரவுட்டரின் வயர்லெஸ் செக்யூரிட்டி பக்கத்தில் குரூப் கீ என்று தொடங்கும் வரியில் அந்த எண் இருக்கும். மாற்றிப் பாருங்கள்: அறுவதும் புது இடைவெளிக்கு மாறினால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. 86400 என்று வைத்தால் நாளுக்கு ஒருமுறையாகும். ஆனாலும் பதில் சொல்லத் தவறுவது டிரைவரின் குறையாகவோ முன்பு சொன்ன மின்சேமிப்பாகவோ இருக்கலாம், அதையும் சரிசெய்யுங்கள்.

சேர்ந்த சில நொடியில் விலகுகிறது, பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

முதலில் அந்த வைஃபையை ஃபர்கெட் செய்து புதிதாகச் சேருங்கள். தீரவில்லையென்றால் ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கார்டுகள் சில இந்தக் கலவையில் தடுமாறும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வைத்துப் பாருங்கள். டிகேஐபி, டபிள்யூஇபி என்ற பழைய முறைகள் பக்கம் இறங்காதீர்கள், பாதுகாப்பும் போகும், வேகமும் போகும்.

போனில் பெயர் தெரிகிறது, லேப்டாப்பில் பெயரே இல்லை

ரவுட்டர் தானாகச் சேனல் தேர்ந்தெடுக்கும்போது 12 அல்லது 13-க்குப் போயிருக்கலாம். இந்தியாவில் அவை செல்லும், ஆனால் அமெரிக்க விதிப்படி அமைத்த கார்டுகள் 11-க்கு மேல் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் வாங்கி வந்த லேப்டாப்புகளில் இதைக் கவனியுங்கள். சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக நிலைநிறுத்தினால் பெயர் தெரிய ஆரம்பிக்கும்.

கனெக்டட் என்று காட்டுகிறது, ஆனால் எதுவும் திறப்பதில்லை

முன்பு பார்த்த ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்திலேயே ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை, விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நம் ஊர் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஃபைபர் பெட்டியின் சிக்னல் மாடிக்கு எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி, இதன் லேன் துளையிலிருந்து அதன் லேன் துளைக்கு ஒயர் இழுத்துவிடுவோம். இரண்டும் 192.168.1.1 என்றே தன்னைச் சொல்லிக்கொள்ளும், இரண்டும் முகவரி வழங்கும். எந்தக் கருவி யாரிடம் வாங்கியது என்பதைப் பொறுத்து ஒன்றில் நெட் வரும், ஒன்றில் வராது, அதுவும் நேரத்துக்கு நேரம் மாறும். இரண்டாவது ரவுட்டரை, முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி முகவரி வழங்கும் வேலையான டிஹெச்சிபி-யை அணைத்துவிடுங்கள்.

முகவரி ஒழுங்காக இருந்து, 8.8.8.8 பிங்கும் ஓடினால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் தூங்குகிறது. விண்டோஸ் 11 என்றால் அதே பக்கத்தில் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்ற இடத்தில் எடிட் கொடுத்து, மேனுவலுக்கு மாற்றி, ஐபிவி4-இல் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் எழுதுங்கள். அலுவலக விபிஎன் போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டும் ஒருமுறை பாருங்கள். காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் மிஞ்சுவது நெட்வொர்க் ரீசெட். அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் அடியில் இருக்கும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அனைத்தும் போய்விடும், விபிஎன் மென்பொருளைத் திரும்ப நிறுவவும் நேரலாம். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

மூடியை அசைத்தால் அறுகிறது, அல்லது வைஃபை பட்டனே காணாமல் போகிறது

டிவைஸ் மேனேஜரில் கார்டே இல்லை, அல்லது மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 என்று இருக்கிறது என்றால், உடனே கடைக்கு ஓட வேண்டாம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, செருகியிருக்கும் அனைத்தையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்ததும் சிக்கிக்கொண்ட கார்டு புதிதாக எழும். இந்த ஒன்றிலேயே திரும்ப வந்த கார்டுகள் ஏராளம். வந்து, சில நாளில் மறுபடி மறைந்தால் கார்டு தளர்ந்திருக்கிறது அல்லது சாகத் தொடங்கியிருக்கிறது.

பெரும்பாலான லேப்டாப்புகளில் ஆன்டெனா திரையைச் சுற்றி இருக்கும். அதன் மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக இறங்கி வைஃபை கார்டுக்கு வரும். கீல் உடைந்து ஒட்டிய லேப்டாப், கீழே விழுந்தது, திரை மாற்றியது இவற்றில் ஒயர் நசுங்கியிருக்க நிறைய வாய்ப்புண்டு. ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தும் போனைவிட மிகக் குறைந்த சிக்னல், மூடியின் கோணத்தை மாற்றினால் சிக்னலும் மாறுவது இரண்டும் இதன் அடையாளம். சர்வீஸ் செய்து வந்த மறுநாளே ஆரம்பித்தால், கார்டில் சொருகும் இரண்டு சிறு முனைகளில் ஒன்றைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். கடையில் கொடுக்கும்போது "வைஃபை வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல் "ஆன்டெனா ஒயர் இரண்டும் கார்டில் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள்" என்று சொல்லுங்கள். விண்டோஸை மாற்றிப் போட்டுக் காசு வாங்கும் வேலை மிச்சமாகும்.

கார்டுதானா என்று உறுதிசெய்ய ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டரைக் கடன் வாங்கி மாட்டுங்கள். அதே இடத்தில் அது ஒரு மாலை முழுக்க அறுக்காமல் ஓடினால் உள்கார்டு அல்லது அதன் ஒயரில்தான் பழுது. கார்டு போர்டிலேயே ஒட்டப்பட்ட மாடல் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள யூஎஸ்பி அடாப்டரே நிரந்தர வழி. கழற்றக்கூடிய எம்.2 கார்டு என்றால் மாற்றுவது ஒரு திருகு வேலை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை அவற்றுக்கென்று அமைந்த இன்டெல் போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும். வழக்கமான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஓடுவது ஏஎக்ஸ்210. பழைய லேப்டாப் சிலவற்றில், தன் பட்டியலில் இல்லாத கார்டுகளை பயாஸே (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஏற்காமல் நின்றுவிடும், அதனால் திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள்.